மிச்சமாக வரும் மேல்சட்டை: திருப்பூரும் இலங்கையும்

தோளிலிருந்து தளர்வாக இறங்கி இடுப்புக்குக் கொஞ்சம் கீழே நிற்கும் மேல்சட்டை. கொக்கி இல்லை, லைனிங் இல்லை; தலைவழியே போட்டால் வேலை முடிந்தது. பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கக் கை தூக்கினால் அக்குளில் இறுக்காது. வீட்டுக்கும் ஆகும், அலுவலகத்துக்கும் ஆகும். வெளிநாட்டுக் கடைகளுக்காக இந்தச் சட்டையை லட்சக்கணக்கில் தைத்துக் கைதேர்ந்த இடங்களில் இரண்டு நமக்கு மிக அருகில் இருக்கின்றன. ஒன்று திருப்பூர், மற்றது இலங்கை. இரண்டும் ஒரே சட்டைக்கு வெவ்வேறு வழியில் வந்து சேர்ந்தவை. ஒன்றிடம் இருப்பது மற்றதிடம் குறைவு. ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் ஒன்று: நல்ல சட்டை கப்பலேறுகிறது, அதைத் தைத்த மண்ணின் பெண்களுக்கு மிச்சம்தான் வருகிறது.

துணியில் இருக்கும் தளர்வு

திருப்பூரின் பலம் துணி. உள்ளூருக்குப் பனியன் போட்டுக்கொண்டிருந்த ஊர், 1970களின் கடைசியில் ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. பல்லடம், உடுமலை, கோவை, திண்டுக்கல் பக்கத்து மில்களிலிருந்து நூல் வருகிறது. அதற்குப் பிறகு நிட்டிங், டையிங், காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி, பட்டன், லேபிள், அட்டைப்பெட்டி என்று எல்லாமே சுற்றுவட்டாரத்திலேயே கிடைக்கும். காலையில் ஒரு சாம்பிள் கேட்டால் துணிக்காக இன்னொரு நாட்டைப் பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை.

பின்னல் துணி கண்ணி கண்ணியாகக் கோத்தது. இழுத்தால் கொடுக்கும், விட்டால் திரும்பும். அதனால் நெய்த துணிக்கு வேண்டிய டார்ட் மடிப்பும் கொக்கியும் இதற்குத் தேவைப்படுவதில்லை. உடம்பு அசையும் பக்கம் துணியும் அசைகிறது. ஆனால் அந்தக் குணமே தையலுக்குச் சவாலும் ஆகிறது. ரோலில் இறுக்கிச் சுற்றி வந்த லைக்ரா துணியைப் பிரித்து, மேசையில் மடித்துப் போட்டு, ஒரு நாளாவது சும்மா விட வேண்டும். இழுபட்ட கண்ணிகள் தம் நிலைக்குத் திரும்பிய பிறகுதான் கட்டிங் மாஸ்டர் கை வைப்பார். அவசர ஆர்டர் என்று அன்றைக்கே வெட்டினால் முதல் சலவையில் நீளம் குறையும். சிங்கிள் ஜெர்சியாக இருந்தால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிடும். தோள் தையலுக்குள் மெல்லிய டேப் வைக்காவிட்டால் சில மாதங்களில் தோள் கையில் இறங்கி நிற்கும். தளர்வான சட்டையைத் தைப்பது சுலபம் என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்குகளைப் பார்க்க வேண்டும்.

இந்தத் துணி வளத்துக்கு நொய்யல் ஆறு விலை கொடுத்திருக்கிறது. சாயக் கழிவு ஆற்றில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கி, கீழேயிருந்த வயல்களையும் கிணறுகளையும் கெடுத்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய, சலவை ஆலைகளை மூடச் சொன்ன பிறகுதான், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை இங்கே உறுதியாக நடைமுறைக்கு வந்தது. சாயத்தின் நேர்மையையும் சேர்த்துத்தான் ஒரு சட்டையை நல்ல சட்டை என்று சொல்ல முடியும்.

வெட்டில் இருக்கும் தளர்வு

இலங்கையில் நிலைமை தலைகீழ். துணியில் பெரும்பகுதி வெளியிலிருந்து வருகிறது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்பட்டு, 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்தது. ஜனாதிபதி பிரேமதாச ஆட்சியில் 1992இல் தொடங்கிய 200 ஆடைத் தொழிற்சாலைத் திட்டம் தையலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோனது. 1987இல் பிறந்த எம்.ஏ.எஸ்., அதனோடு பிராண்டிக்ஸ், ஹிர்தாராமணி போன்ற நிறுவனங்கள் பெரிய ஆலைகளாக வளர்ந்தன. 2009இல் போர் முடிந்த பிறகு கிளிநொச்சி, வவுனியா, மட்டக்களப்புப் பக்கங்களிலும் ஆலைகள் வந்து, தமிழ்ப் பெண்கள் பலர் இந்த வேலைக்குள் வந்தார்கள்.

சொந்தத் துணி குறைவாக இருந்த நாடு, வெட்டிலும் தையலிலும் வடிவமைப்பிலும் தன் பெயரை உண்டாக்கியது. கொஞ்சம் பிசகினாலும் தோலில் உறுத்தும் உள்ளாடைகளில் அந்நாட்டு ஆலைகள் கைதேர்ந்தன. அந்தக் கை மேல்சட்டைக்கும் உதவுகிறது. நெய்த விஸ்கோஸ் துணியில் சட்டை தைக்கும்போது துணி தானாக இழுபடாது. தளர்வை வெட்டிலேயே வைத்தாக வேண்டும்: மார்புச் சுற்றளவுக்கு மேல் எத்தனை அங்குலம் விடுவது, கழுத்தடியில் எத்தனை சுருக்கம், கைக்குழி எவ்வளவு ஆழம் என்று ஒவ்வொன்றையும் முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டும். ஓர் அங்குலம் கூடினால் சாக்குப் பை. குறைந்தால் பழைய இறுக்கம்.

தைக்கும் கைகள்

வேலை நடக்கும் விதத்திலும் இதே வேறுபாடு தெரிகிறது. திருப்பூரில் பெரிய கம்பெனிகள் உண்டு; ஆனாலும் ஒரு சட்டை பல கூரைகளைத் தாண்டித்தான் முழுமை பெறும். ஒரு தெருவில் கட்டிங், இன்னொரு தெருவில் பவர் டேபிள் தையல், வேறோரிடத்தில் பட்டன். கைமடிப்பவர், செக்கிங் பார்ப்பவர், அயர்ன் போடுபவர், அடுக்கிக் கட்டுபவர் என்று வேலை பிரிந்து கிடக்கிறது. ஒன்றரை ஷிப்ட் என்பது இங்கே சாதாரணப் பேச்சு. ஜாப் ஒர்க்காகப் பிரியும் வேலையோடு பொறுப்பும் பிரிந்துபோகிறது. கூலியோ கழிப்பறையோ பாதுகாப்போ குறைந்தால் யாரைக் கேட்பது என்பதே கேள்வியாகிவிடுகிறது.

இலங்கையில் ஒரே கூரையின் கீழ் நூற்றுக்கணக்கானோர். 2006இல் அந்நாட்டின் ஆடைத் தொழில், குற்றவுணர்வின்றி அணியலாம் என்ற உறுதிமொழியையே தன் உலக அடையாளமாக முன்வைத்தது. குழந்தைத் தொழிலாளர் இல்லாமை, ஒழுங்கான ஆலை ஆகியவற்றை வாங்குவோர் மதித்தார்கள். ஆயினும் ஊரை விட்டு வந்து கட்டுநாயக்க போர்டிங் அறைகளில் தங்கும் பெண்களின் கையில் மிஞ்சும் சம்பளம் பற்றிய குறை தீரவில்லை. 2011இல் ஓய்வூதிய மசோதாவை எதிர்த்து அவர்கள் வீதிக்கு வந்தபோது துப்பாக்கிச் சூட்டில் ஓர் இளம் தொழிலாளி உயிரிழந்தார்.

பெண்களின் பாதுகாப்பில் தமிழ்நாடு காட்டிய ஒரு வழி இலங்கைக்கும் உதவும். திண்டுக்கல் மாவட்ட ஆடை ஆலை ஒன்றில் வேலை செய்த பெண் ஒருவர் கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் முன்னின்று நடத்தும் தொழிற்சங்கமும் ஆலை நிர்வாகமும் வெளிநாட்டு பிராண்டுகளும் 2022இல் திண்டுக்கல் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. ஆலைக்குள் நடக்கும் பாலியல் தொல்லைக்கு, வாங்கும் பிராண்டும் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்பதை அது எழுத்தில் வைத்தது.

காதர்பேட்டையும் கொழும்பும்

திருப்பூர் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டை. ஆர்டருக்கு மேல் தைத்தவை, ரத்தானவை, செக்கிங்கில் கழிந்த செகண்ட்ஸ் எல்லாம் அங்கே குவிகின்றன. இலங்கையிலும் இதே கதைதான். இன்று பெரிய கடைகளாக இருக்கும் ஓடெல், 1989இல் ஏற்றுமதி மிச்ச ஆடைகளைக் காரின் பின்பெட்டியில் வைத்து விற்றதில் தொடங்கியது. கொழும்பின் புறக்கோட்டைக் கடைகளிலும் ஏற்றுமதி மிச்சம் கிடைக்கும்.

மிச்சத்தை வாங்குவதில் இழுக்கு ஒன்றுமில்லை. குறைந்த விலையில் நல்ல தையல் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சட்டையின் அளவு வேறொரு நாட்டுப் பெண்ணின் உடம்பை வைத்துப் போட்டது. தோள் அகலம் பொருந்தினால் கை நீளம் மிகும். மார்பு பொருந்தினால் கழுத்து இறங்கும். கொழும்பில் பாவாடைக்கு மேல் பிளவுஸ் அணிந்து அலுவலகம் போவது பழகிய வழக்கம் என்பதால், இடுப்போடு நிற்கும் சட்டை அங்கே சிரமமின்றிச் சேர்ந்துவிடுகிறது. தமிழ்நாட்டில் சேலையிலிருந்து சுடிதாருக்கும், அதிலிருந்து லெக்கிங்ஸ் மேல் டாப்ஸுக்கும் வந்த பெண்ணுக்கு இன்னும் ஐந்தாறு அங்குல நீளம் வேண்டும், பக்கத்தில் வெட்டு வேண்டும், கை முழங்கை வரை வேண்டும். மிச்சத்தில் அது கிடைப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. கிடைக்காதவர்கள் சட்டையை வாங்கித் தெருமுனை டெய்லரிடம் பிரித்துத் தைக்கிறார்கள்.

முதல் ஆர்டர் நம்முடையதாகட்டும்

மாற்றம் முடியாதது அல்ல. இலங்கையின் எம்.ஏ.எஸ். 2007இல் அமாந்தே என்ற உள்ளாடை பிராண்டை இந்தியப் பெண்களுக்காக இந்தியாவிலேயே அறிமுகப்படுத்தியது. வெளிநாட்டுக்குத் தைத்துக் கற்ற கை, நம் பெண்ணின் அளவை முதலில் வைத்து வேலை செய்தபோது சந்தை பிறந்தது; பின்னர் ரிலையன்ஸ் அதை வாங்கும் அளவுக்கு வளர்ந்தது. இந்தியர்களின் உடல் அளவுகளைத் திரட்டிச் சொந்த அளவுப் பட்டியல் உருவாக்கும் வேலையை நிஃப்ட் என்ற ஃபேஷன் கல்வி நிறுவனம் ஏற்றது. அளவெடுக்கத் தேர்ந்த ஆறு நகரங்களில் சென்னையும் ஒன்று.

வெளிநாட்டு ஆர்டரை மட்டும் நம்புவதன் ஆபத்தை இரு இடங்களும் பட்டே அறிந்தவை. 2010இல் ஐரோப்பிய ஒன்றியம் ஜி.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை நிறுத்தியபோது இலங்கை தடுமாறியது. 2017இல்தான் அது திரும்பக் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 விழுக்காடு கூடுதல் வரி விதித்தபோது, 20 விழுக்காட்டோடு நின்ற இலங்கையைத் திருப்பூர் கவலையோடு பார்த்தது. ஒருவர் இழப்பதை மற்றவர் பெறும் இந்தப் போட்டியில் தைக்கும் பெண் எந்தக் கரையிலும் நிம்மதியாக இல்லை.

ஆகவே செய்ய வேண்டியது தெளிவு. திருப்பூர் தன் துணியறிவோடு இலங்கையின் வெட்டறிவையும் ஒரே கூரைப் பொறுப்பையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இலங்கை, கடல் தாண்டிப் பக்கத்திலேயே இருக்கும் திருப்பூர்த் துணியை நெருங்கிய கூட்டாளியாக்க வேண்டும். இரு நாட்டு வடிவமைப்பாளர்களும் காரைக்குடியிலும் கிளிநொச்சியிலும் பெண்களின் தோளையும் கைக்குழியையும் அளந்து, அவர்கள் கேட்கும் நீளத்தில், சலவைக்குத் தாங்கும் துணியில் முதல் மாதிரியைப் போட வேண்டும். அதன் விலை, அதைத் தைப்பவர் ஒரு நாள் கூலியில் வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அவர் விரும்பி வாங்கி உடுத்தும் சட்டையை உலகின் எந்தக் கடைக்கும் தலைநிமிர்ந்து அனுப்பலாம்.