வட்டமா, வட்டம் மாதிரியா?

கோவையின் சென்டர்லெஸ் கிரைண்டிங் பட்டறைகளில், பம்ப்செட் ஷாஃப்டுக்கான ராடு மெஷினை விட்டு வந்ததும் முதலில் கவ்விப் பார்ப்பது மைக்ரோமீட்டர்தான். 25.000 மில்லிமீட்டர். திருப்பிப் பார்த்தாலும் 25.000. ஆனாலும் அது வட்டமில்லாமல் இருக்கலாம்!

இந்த மெஷினில் ராடை நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. கிரைண்டிங் வீல், ராடைச் சுழலவிடும் இன்னொரு வீல், கீழே ஒரு பிளேடு. இவற்றுக்கு நடுவே தன் மேற்பரப்பையே நம்பி அது சுழல்கிறது. ஒரு பக்கம் சின்னப் புடைப்பு இருந்தால், அது ராடைத் தள்ளி எதிர்ப்பக்கத்தில் பள்ளம் விழவைக்கும். 3, 5, 7 என ஒற்றைப்படையில் புடைப்புகள் பிறப்பது இப்படித்தான். புடைப்புக்கு எதிரே பள்ளம் என்பதால் எங்கே அளந்தாலும் ஒரே விட்டம். ஏழு பக்கம் கொண்ட பிரிட்டனின் 50 பென்ஸ் நாணயமும் (1969) இதே ஜாதி.

குட்டை உடைப்பது வி பிளாக், அதாவது V வடிவப் பள்ளம் கொண்ட கட்டை. 3 புடைப்பு ராடை 60 டிகிரி பிளாக்கில் வைத்து, உச்சியில் மைக்ரான் டயலை நிறுத்தி விரலால் மெல்ல உருட்டினால், குறை 2 மைக்ரான்தான் என்றாலும் முள் 6 மைக்ரான் ஆடும். அழகான தந்திரம்.

ஆனால் அதே பிளாக்கில் 5 புடைப்பு ராடு வந்தால் முள் அசையாது. 90 டிகிரி பிளாக்குக்கு மாற்றினால் குறையைப் போல இரண்டு மடங்கு ஆடும். 3 புடைப்பா, 5 புடைப்பா என்று தெரியாதபோது இரண்டு பிளாக்கிலும் பார்ப்பதே புத்திசாலித்தனம். இந்த ஊகமே வேண்டாமென்றால், 1949-இல் இங்கிலாந்தின் டெய்லர் ஹாப்சன் கொண்டுவந்த டாலிராண்ட் வகைக் கருவிதான் வழி. அது துல்லியமான சுழல்தண்டை ஆதாரமாக வைத்து, ராடின் சுற்று வடிவத்தில் உள்ள விலகல்களை ஆயிரக்கணக்கான மடங்கு பெருக்கி வரைந்துவிடும்.