ஒரு வருஷம் உட்கார வைத்த விதி

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் பழைய விதி ஒன்று. முதல் டிவிஷனில் பேஸ்பால் ஆடும் மாணவர் அதே டிவிஷனில் வேறு கல்லூரிக்கு மாறினால், ஒரு வருஷம் ஆடாமல் உட்காரணும். 2008 முதல் 2021 வரை இதுதான் நிலைமை. நீச்சல், கோல்ஃப் வீரர்களுக்கு ஒருமுறை விலக்கு உண்டு, பேஸ்பாலுக்குக் கிடையாது.

சொன்ன காரணம் படிப்பு. கல்லூரி மாறினால் படிப்பு கெடுமாம். சரி, அதுதான் கவலை என்றால் மதிப்பெண்ணைப் பார்த்து அனுமதித்திருக்கலாமே? நல்லாப் படிக்கிற பையனையும் சேர்த்து ஏன் உட்கார வைக்கணும்? பயிற்சியாளர்கள் கல்லூரி மாற இப்படி எந்தத் தடையும் இல்லை.

பணத்தையும் பாருங்க. அப்போது ஒரு அணிக்கு மொத்தமே 11.7 உதவித்தொகைதான். அதை 27 பேர் வரை பிரித்துக்கொடுப்பார்கள். மீதிச் செலவு பெரும்பாலும் வீட்டார் தலையில். ஆடாத வருஷத்துக்கும் அதே கதைதான்.

2021இல் எல்லாருக்கும் ஒருமுறை விலக்கு வந்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம் என்றார்கள். தானாக மனம் மாறவில்லை. சில மாநிலங்கள் வழக்குப் போட்டு, 2023 டிசம்பரில் நீதிமன்றம் தடை விதித்த பிறகுதான்.

இப்போது வேறு சிக்கல். 2025-26 முதல் பல கல்லூரிகளில் அணிக்கு 34 பேர்தான். அனுபவசாலி ஒருவர் மாறி வந்தால், புதிதாகச் சேர்ந்த பையன் வெளியே போக நேரலாம். சேர்க்கும்போது சொன்ன உதவித்தொகையை நான்கு வருஷமும் தருவீர்களா என்று கல்லூரிகளைக் கேட்க வேண்டிய நேரம் இது.