ஆக்ஸிஸ் மாறி வந்த கோடு

மேட்லேபில் பிடித்த கட்டளை எது என்று கேட்டால் எஃப்எஃப்டி என்பார்கள், இன்டர்ப் என்பார்கள். நான் காப்பிஆப்ஜ் என்பேன். அது எந்தக் கணக்கும் போடுவதில்லை. ஒரு ஃபிகரில் இருக்கும் கோட்டை எடுத்து இன்னொரு ஃபிகரின் ஆக்ஸிஸில் வைக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு வேலையை அது எவ்வளவு சுத்தமாகச் செய்கிறது என்பதை உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

கோட்டோடு என்னென்ன வருகின்றன என்று கவனித்திருப்பீர்கள். நிறம், தடிமன், மார்க்கர், டிஸ்ப்ளே நேம் எல்லாம் வரும். முக்கியமாக எக்ஸ்டேட்டாவும் ஒய்டேட்டாவும் ஒரு தசம இடம்கூடக் குறையாமல் வரும். தலைப்பும் அச்சுப் பெயர்களும் எக்ஸ்லிம்மும் வராது. அவை பழைய ஆக்ஸிஸின் சொத்து, அங்கேயே தங்கிவிடும். இந்தப் பாகப்பிரிவினையில்தான் எனக்கு மயக்கம். அளந்தது கோட்டோடு போகிறது, அளந்ததை எந்தக் கட்டத்துக்குள் காட்டினோம் என்பது பின்னால் நின்றுவிடுகிறது. பழைய படத்தில் அச்சை இறுக்கிப் பிடித்து மலையாகக் காட்டியிருந்த ஏற்றம், புது ஆக்ஸிஸில் வேறு பெரிய கோட்டின் பக்கத்தில் நின்றதும் தன் நிஜ உயரத்துக்கு இறங்கிவிடும். லெஜண்ட்டைத் தனியாக எடுத்துப் போகக் கேட்டால் அது மறுத்துவிடும்; ஆக்ஸிஸையும் சேர்த்துக் கூப்பிட்டால்தான் வரும். அந்தக் கண்டிப்பும் நியாயம்தான். கோடுகளே இல்லாத இடத்தில் கோடுகளின் பெயர்ப்பலகைக்கு என்ன வேலை?

இதன் முழு ருசியும் எனக்குத் தெரிந்தது கடல் மட்டப் பதிவுகளில்தான். கொட்டிவாக்கத்தில் குடியிருப்பவனுக்கு இது தூரத்து விஷயம் இல்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிறு, பௌர்ணமி. காலை 6.29-க்குச் சுமத்ராவுக்கு அருகே நிலநடுக்கம். சுமார் இரண்டரை மணி நேரம் கழித்து, 9 மணியைத் தாண்டியதும் சென்னைத் துறைமுகத்தின் ஓதமானி அலையைப் பதிவு செய்தது. அங்கிருந்து 15 கிலோமீட்டர் தெற்கே எங்கள் குப்பத்தில் படகையும் வலையையும் கடலுக்குக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பதிவின் வளைவை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குச் சலிக்காது. பௌர்ணமி ஓதம் தன் போக்கில் நிதானமாக ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். திடீரென்று அதன்மேல் பல் பல்லாக அடுக்கிக்கொண்டு வரும் ஏற்ற இறக்கங்கள் மணிக்கணக்கில் அடங்க மறுக்கும்.

இதே துறைமுகம் அதற்கு முன்பும் சுனாமியைப் பதிவு செய்திருக்கிறது. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே 7.9 அளவில் ஒரு நிலநடுக்கம். வங்கக் கடலைச் சுற்றி அப்போது இயங்கிய எட்டு ஓதமானிகளில் அந்த அலை பதிவானது. மெட்ராஸும் அவற்றில் ஒன்று. கடிகார உருளையில் சுற்றிய காகிதத்தின்மேல் பேனா போட்ட கோடு அது. மோடஸ்டோ ஆர்டிஸும் ரோஜர் பில்ஹமும் அந்தப் பழைய வளைவுகளைத் தூசி தட்டி எடுத்து, அவற்றிலிருந்து நிலநடுக்கத்தின் அளவைக் கணக்கிட்டு 2003-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள். அடுத்த ஆண்டே 2004 வந்தது.

என்னிடம் இரண்டும் ஃபிக் ஃபைலாக இருக்கின்றன. 1881 வளைவு அச்சுப் படத்திலிருந்து புள்ளி புள்ளியாகத் தொட்டு எடுத்தது. 2004 வளைவு நண்பர் ஒருவர் அந்தக் காலத்து மேட்லேபில் வரைந்து சேமித்தது. மூல எண்கள் இருந்த கம்ப்யூட்டர் எப்போதோ எடைக்குப் போய்விட்டது. புதிதாக ஓர் ஆக்ஸிஸ் திறந்து, ஹோல்ட் ஆன் கொடுத்து, இரண்டையும் காப்பிஆப்ஜ் செய்தால் முதலில் திரையில் தெரிவது இரண்டு நிமிர்ந்த குச்சிகள் மட்டும்தான். இடது ஓரத்தில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று, நடுவில் வெட்டவெளி. தேதியை நாட்களின் எண்ணிக்கையாக்கும் டேட்நம் கணக்கில் 1881-இன் அந்த நாள் 687387, 2004-இன் அந்த நாள் 732307. இடைப்பட்ட 44,920 நாட்களும் ஒரே திரையில் விரிந்து கிடக்கும். பழக்கமில்லாதவர்கள் ஏதோ தப்பாகிவிட்டது என்று ஃபிகரை மூடிவிடுவார்கள். எனக்கோ அந்தக் குச்சிகளும் பிடிக்கும், அவை சரியான படம்தான் என்பதால்.

அதற்குப் பிறகுதான் வேலை. வந்து சேர்ந்த கோட்டின் எக்ஸ்டேட்டாவிலிருந்து நிலநடுக்க நேரத்தைக் கழித்து, 24-ஆல் பெருக்கினால், நாட்கள் மணிகளாகும். 1881-இன் ஒய்டேட்டா அடியில் இருக்கிறது, 30.48-ஆல் பெருக்கினால் சென்டிமீட்டர். மெட்ராஸ் டைம் இன்றைய நேரத்துக்கு ஏறத்தாழ 9 நிமிடம் பின்னால் ஓடியது, அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். இவ்வளவு கை வைத்தாலும் மூல ஃபிகரில் ஒரு புள்ளி அசையாது, ஏனென்றால் நாம் தொடுவது நகலை. இந்தத் தைரியம் இல்லாமல் யாரும் பழைய பதிவுகளோடு விளையாட முடியாது.

குச்சிகள் இரண்டும் கரைந்து ஒன்றின்மேல் ஒன்றாக விரியும்போது 1881 எவ்வளவு சிறியது என்று முதல்முறையாக உறைக்கும். தனிப் படத்தில் அது பெரிய ஆர்ப்பாட்டமாகத் தெரிந்தது. 2004-இன் பக்கத்தில் வெறும் நடுக்கம். 1881-இன் 7.9-க்கும் 2004-இன் 9.1-க்கும் ஆற்றலில் 60 மடங்குக்கு மேல் வித்தியாசம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறார்கள். அதை ஒரே அளவுகோலில் பார்த்தவர்கள் எத்தனை பேர்? 2004-இல் நிலப்பிளவு சுமத்ராவோடு நிற்காமல் 1,200 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே அந்தமான் வரை ஓடியது. ஆகவே நம் கரைக்கு முதலில் வந்த அலை கிளம்பியதும், 1881 அலை கிளம்பியதும் ஏறக்குறைய அதே கடலிலிருந்துதான். அதனால்தான் இவ்விரண்டையும் ஒரே ஆக்ஸிஸில் உட்கார வைக்கத் தகும் என்கிறேன். கண்ட கோட்டையும் கண்ட கோட்டோடு சேர்ப்பது ரசனை ஆகாது.

நண்பரின் கோடு வந்து இறங்கும்போது இன்னொன்றும் தெரியும். ஆர்2014பி-க்கு முந்தைய மேட்லேபின் முதல் கோடு கலப்பில்லாத அடர் நீலம். ஆர்2014பி-இல் எல்லாம் மாறியது: கோடுகளின் நிறவரிசை மாறியது, கலர்மேப்பில் ஜெட் போய்ப் பருலா வந்தது, 173.0012 என்பதுபோல் எண்ணாக இருந்த ஹேண்டில்கள் ஆப்ஜெக்ட்டுகளாகிவிட்டன. புது நீலம் மங்கலானது, கண்ணுக்கு இதமானது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பழைய ஃபிக் ஃபைலிலிருந்து வந்த கோடு அந்தப் பழைய நீலத்தைக் கழற்றுவதில்லை. புதிய கோடுகளுக்கு நடுவே அது வந்து நிற்கும்போது, எந்தக் காலத்து மேட்லேபிலிருந்து வந்தது என்று சொல்லாமலே தெரிந்துவிடும். நான் அந்த நிறத்தை மாற்றுவதே இல்லை.

ஸ்கிரிப்ட் கட்சிக்காரர்கள் இதற்கெல்லாம் முகம் சுளிப்பார்கள். மூல எண்ணிலிருந்து ஒவ்வொரு முறையும் புதிதாக வரை, அப்போதுதான் யாரும் சரிபார்க்க முடியும் என்பது அவர்கள் வாதம். மூல எண் இருந்தால் நானும் அப்படித்தான் செய்வேன். இல்லாதபோது? ஃபிக் ஃபைல் என்பது உள்ளுக்குள் ஒரு மேட் ஃபைல்தான். லோட் செய்து படம் காட்டாமலே எண்களை உருவ முடியும். நண்பரின் வளைவு இன்று உயிரோடு இருப்பது அதனால்தான்.

மேட்ப்ளாட்லிப் பிரியர்களோடு எனக்குச் சண்டை கிடையாது. மூளையின் மின்பதிவுகளைப் பார்ப்பதற்காக ஜான் ஹன்டர் தொடங்கி 2003-இல் வெளியிட்ட அந்த நூலகத்துக்கு உலகமே கடன்பட்டிருக்கிறது. 2012-இல் அவர் மறைந்தபோது வருந்தாத வரைபடக்காரர் இருந்திருக்க மாட்டார். ஆனால் அங்கே ஓர் ஆக்ஸிஸில் பிறந்த ஆர்ட்டிஸ்ட்டை இன்னொன்றில் சேர்க்கப் போனால், அது முடியாது என்று எர்ரர் வரும். எண்களை எடுத்துப் புதிதாக வரைந்துகொள் என்பது அதன் கொள்கை. கொள்கையாகச் சரிதான், எனக்குத்தான் கை வரவில்லை. காசில்லாமல் காப்பிஆப்ஜ் வேண்டுமென்றால் ஆக்டேவில் அதே பெயரில் இருக்கிறது.

அருகருகே தனித்தனிக் கட்டங்களில் வைக்கச் சொல்பவர்களோடுதான் என் நிஜமான வழக்கு. டைல்ட்லேஅவுட் வந்த பிறகு இது அதிகமாகிவிட்டது. இருபது ஊர்களைக் காட்ட அது நல்ல வழிதான். இரண்டே வளைவுகளை எதற்குப் பிரிக்க வேண்டும்? இடது கட்டத்தில் அச்சு 50 வரை, வலது கட்டத்தில் 300 வரை, இரண்டு அலையும் ஒரே உயரம். கீழே பொடி எழுத்தில் இருக்கும் எண்ணைப் படிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது?

கம்ப்யூட்டருக்கு முன்னால் டிராயிங் ஆபீஸ்களில் கண்ணாடி மேஜைக்கு அடியில் ட்யூப்லைட் எரியும். ஒரு கிராஃப் ஷீட்டின்மேல் ட்ரேசிங் ஷீட்டைப் பரப்பி, ரோட்ரிங் பேனாவால் வளைவை எடுத்து, இன்னொரு கிராஃபின்மேல் வைத்துப் பார்ப்பார்கள். இரண்டு ஷீட்டின் அளவுகோலும் ஒன்றாக இல்லாவிட்டால் ட்ரேசிங்கே உதவாது. ஆகவே அளவுகோலைத்தான் முதலில் கேட்பார்கள். பேனா எடுப்பதற்கு முன் சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்று கேட்காதவர் மேஜைப் பக்கம் வர முடியாது.

இப்போது என்ன நடக்கிறது? கருவி தந்த எண்களை ஃபிகராக்கி, ஃபிகரை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பவர்பாயிண்ட்டில் ஒட்டி, அதைப் பிடிஎஃப் ஆக்கி அனுப்புகிறார்கள். ஆர்2020ஏ-இல் வந்த காப்பிகிராஃபிக்ஸ் இந்தப் பழக்கத்துக்கு இன்னும் வசதி செய்து கொடுத்துவிட்டது. படம் துல்லியமாகத்தான் இருக்கும், ஆனால் அதற்குள் எண் இல்லை. ஓர் அலுவலகத்திலிருந்து கடல் மட்டப் பதிவு ஒன்று கேட்டபோது எனக்கு வந்தது பிஎன்ஜி மட்டும். 1881 காகிதத்தைத் தொட்டது போலவே அதையும் மவுஸால் புள்ளி புள்ளியாகத் தொட்டு எடுத்தேன். உருளையில் பேனா வரைந்த கோட்டுக்கு அந்த வேலை தகும். டிஜிட்டலாகவே பிறந்த எண்ணைப் படமாக்கித் தொலைத்துவிட்டு, திரும்ப எண்ணாக்குவதற்குக் கண்ணைக் கொடுப்பது கொடுமை.

ஃபிக் ஃபைலாகவே அனுப்புகிற நல்லவர்களிடமும் எனக்கு ஒரு குறை உண்டு. டிஸ்ப்ளே நேமை நிரப்பாமல் விட்டுவிடுகிறார்கள். அவர்கள் ஃபிகரில் ஒரே கோடு என்பதால் லெஜண்ட் தேவைப்பட்டிருக்காது. மூன்று பேரிடமிருந்து மூன்று கோடுகளைக் கொண்டுவந்து ஓர் ஆக்ஸிஸில் வைத்து லெஜண்ட் போட்டால் டேட்டா1, டேட்டா2, டேட்டா3 என்று வரும். எது மெட்ராஸ், எது நாகப்பட்டினம்? அச்சுப் பெயர் பழைய வீட்டிலேயே தங்கிவிட்டதால் அடியா சென்டிமீட்டரா என்பதும் தெரியாது. சேமிப்பதற்கு முன் டிஸ்ப்ளே நேமில் ஊர், ஆண்டு, அலகு, எந்தக் கடிகாரம் என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். கோடு எந்த ஆக்ஸிஸுக்குப் போனாலும் அது கூடவே போகும்.