பிரயாணப் படங்களும் வர்ண மிகையும்

பிரயாணத்தில் எடுத்த புகைப்படங்களின் வர்ணத்தைப் பிற்பாடு கணினியில் திருத்துவது தகுமா என்று கேட்டால், சிறிதும் தகாது, காமிரா கண்டதைக் கண்டபடி வைப்பதே நேர்மை என்று விடை பகர்பவர்கள் பலர் உண்டு. அவர்களுடைய நோக்கம் உயர்ந்ததே ஆயினும், காமிரா எந்தக் காலத்திலும் உள்ளதை உள்ளபடி கண்டதில்லை என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். 1907-ஆம் ஆண்டில் லூமியேர் சகோதரர்கள் விற்பனைக்குக் கொண்டுவந்த ஆட்டோகுரோம் கண்ணாடித் தகடுகளில், ஆரஞ்சு, பச்சை, ஊதாச் சாயங்கள் ஏற்றிய உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களே வர்ணத்தைத் தந்தன. ஆல்பர்ட் கான் என்னும் பிரெஞ்சு வங்கியாளர் 1909 முதல் 1931 வரை தேசம் தேசமாக ஆள் அனுப்பிச் சேகரித்த, ஏறத்தாழ 72,000 தகடுகளில் நாம் இன்று கண்டு உருகுகின்ற அந்த மங்கிய மென்மை, அந்தத் தேசங்களின் மென்மையன்று. மாவுத் துகள்களின் ஸ்வபாவம். 1990-இல் ஃபியூஜி நிறுவனம் வெளியிட்ட வெல்வியா ஃபிலிமோ இதற்கு நேர் எதிர். காட்டின் பச்சையையும் அந்தியின் சிவப்பையும் அது அழுத்தி அழுத்திக் காட்டியபடியால் இயற்கைக் காட்சி எடுப்போர் அதைக் கொண்டாடினார்கள். முகங்களை எடுப்போர், தோல் சிவந்து போகிறதென்று அதை ஒதுக்கினார்கள். ஆகவே, எந்த ஃபிலிமைக் கேட்டு வாங்குவது என்று கடை வாசலில் நின்று யோசித்த அந்தக் காலத்திலேயே வர்ணத் திருத்தம் ஆரம்பமாகிவிட்டது.

இன்றைய டிஜிட்டல் காமிராவின் ‘ரா’ கோப்பு, சமைக்காத அரிசியைப் போல, பிறகு பக்குவம் செய்துகொள்வதற்கென்றே கொடுக்கப்படுகிற சரக்கு. திருத்தாமல் பார்த்தால் அது சோபையற்றே இருக்கும். மேலும், மஞ்சள் விளக்கின் கீழே வெள்ளை வேட்டி கட்டி நிற்பவரை நம் கண் வெள்ளை வேட்டிக்காரராகவே காண்கிறது. விளக்கின் மஞ்சளை மனம் தானே கழித்துவிடுகிறது. காமிராவுக்கு அந்த விவேகம் பூரணமாக வாய்க்கவில்லை. அங்கே மஞ்சளைக் குறைத்துக் கண் கண்டதை மீட்டுக் கொடுப்பது, படம் எடுத்தவருக்குச் சலுகை அன்று, கடமை என்றே நான் கருதுகிறேன்.

மிகை எங்கே தொடங்குகிறது என்பதை அறிய, நீல நகரம் எனப்படும் ஜோத்பூருக்குப் போகலாம். மெஹ்ரான்கர் கோட்டை மதிலிலிருந்து கீழே பிரம்மபுரிப் பகுதியை நோக்கினால் தெரிகிற நீலம் ஒரே நீலமன்று. சுண்ணாம்பில் நீலம் கலந்து அண்மையில் அடித்த சுவர் அழுத்தமாக இருக்கும். சில வருஷத்து வெயிலையும் மழையையும் தாங்கிய சுவர் வெளிறி, பெயர்ந்த இடங்களில் காரையைக் காட்டும். இவற்றுக்கு இடையே வெறும் வெள்ளையடித்த வீடுகளும், மணற்கல் நிறத்து வீடுகளும், பூச்சே காணாத சிமெண்டுச் சுவர்களும் கலந்து கிடக்கும். இந்தப் படத்தைத் திரையில் வைத்து நீலத்தை மட்டும் உயர்த்துகிறபோது, முதலில் அந்த வயது வித்தியாசங்கள் அழிகின்றன. ஏழை வீட்டுச் சுவரும் சென்ற தீபாவளிக்கு அடித்த சுவரும் ஒன்றாகிவிடுகின்றன. அதைவிட நுட்பமான கேடு ஒன்று அடுத்து நிகழ்கிறது. நிழலில் நிற்கும் வெள்ளைச் சுவருக்கு வெளிச்சம் தருவது நீல வானம். ஆகையால் அதன்மேல் மெல்லிய நீலச் சாயை ஒன்று படிந்திருக்கும். நம் கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, காமிரா பதிந்துகொள்கிறது. வண்ணம் பூசிய நீலத்தையும் வானம் கடன் கொடுத்த நீலத்தையும் பிரித்தறியும் சக்தி திருத்தும் கருவிக்குக் கிடையாதாகையால், கொஞ்சம் கொஞ்சமாக வெள்ளை வீடுகளும் நீல வீடுகளாகி, ஒரு சுண்ணாம்புத் தொழிலாளியும் ஏணி வைத்து ஏறாமலேயே பாதி ஊர் புதிதாக வர்ணம் பெற்றுவிடுகிறது. அப்படத்தை நம்பி ரயில் ஏறி வருகிறவர் கோட்டை மேல் நின்று, நீல நகரம் எங்கே என்று வழிகாட்டியைக் கேட்பதில் வியப்பில்லை. வானத்தின் கதியும் இதுவே. மே மாதத்து ஜோத்பூர் வானம் புழுதியால் வெளுத்திருப்பது அந்தப் பருவத்தின் லட்சணம். அதை மழை கழுவிய வானம்போல ஆழ்ந்த நீலமாக்குகிறவர், ஒரு கோடைகாலத்தையே படத்திலிருந்து அப்புறப்படுத்துகிறார்.

1982 பிப்ரவரி மாத நேஷனல் ஜியாகிரபிக் அட்டைக்காக, அகலவாக்கில் எடுத்த ஒரு படத்தை நெடுக்குவாக்கில் பொருத்தும்பொருட்டு கீஸாவின் பிரமிடுகளைக் கணினியால் நெருக்கி வைத்தபோது பெரும் கண்டனம் எழுந்தது, எழுந்தது நியாயமே. ஆனால் கல்லை நகர்த்தினால் கோபங்கொள்கிற நாம், வானத்தை மாற்றினால் ரசனை என்று மெச்சுகிறோமே, அது ஏன்? வடிவம் மெய், வர்ணம் வெறும் அலங்காரம் என்ற பழைய எண்ணமே இதற்குக் காரணம் என்பது என் அபிப்பிராயம். ஒரு ஊரின் வேளை, பருவம், வறட்சி, சுவரின் வயது, குடியிருப்பவர்களின் நிலை ஆகிய யாவும் வர்ணத்தின் வாயிலாகவே நமக்குத் தெரிய வருகின்றன. வடிவமும் தூரமும் செய்தி என்றால் இதுவும் செய்தியே.

ஆகையால் எத்தனை சதவீதம் வரை கூட்டலாம் என்று அளவு நிர்ணயிப்பதில் பயன் இல்லை. பனிமூட்டத்தில் எடுத்த படத்துக்கு நிறையக் கூட்டினாலும் பழுதில்லாமல் போகலாம். உச்சி வெயிலில் எடுத்ததற்குச் சிறிது கூட்டினாலும் கெட்டுப்போகலாம். நம் எல்லோருக்கும் நிறம் தெரிந்த சில வஸ்துக்கள் எந்தப் படத்திலும் இருக்கும்: மனிதனுடைய தோல், சாம்பல், சுண்ணாம்புச் சுவர், தார்ச்சாலை, பழைய மரக்கதவு. திருத்தம் முடிந்த பிறகு அவை தத்தம் நிறத்தில் நிலைத்து நிற்கின்றனவா என்று பார்த்தால் போதும். செறிவு குறைந்த நிறங்களையே பெரும்பாலும் உயர்த்தித் தோலின் நிறத்தைக் கூடியமட்டும் காக்கிற ‘வைப்ரன்ஸ்’ என்ற வசதி, எல்லாவற்றையும் ஒருசேர ஏற்றுகிற ‘சாச்சுரேஷ’னைவிட நிதானமானது, என்றாலும் அதற்கும் கண் கிடையாது.

எனக்கு மிகுந்த வருத்தம் தருவது முன்கூட்டியே தயாரித்து விற்கப்படும் ‘பிரீசெட்’ வழக்கம். தோலையெல்லாம் ஆரஞ்சாகவும் நிழலையெல்லாம் பசுநீலமாகவும் மாற்றுகிற அந்த ஒரே சூத்திரத்தை ஹம்பியின் பாறைக்கும், காசியின் படித்துறைக்கும், லடாக்கின் பனிக்கும் ஏற்றிவிட்டால், மூன்று ஊர்களுக்கும் ஒரே அந்தி வந்துவிடுகிறது. பிறகு அவ்வளவு தூரம் பிரயாணம் செய்ததன் பிரயோஜனம்தான் யாது?

கறுப்பு வெள்ளையில் எடுப்பவரையும், இன்ஃபிராரெட் ஒளியில் மரங்களை வெண்பனி போர்த்தவையாகக் காட்டுபவரையும் இந்தக் குற்றச்சாட்டில் சேர்க்க நான் உடன்படேன். அவர்களுடைய படங்களில் நிறத்தை நம்பி ஒருவரும் ஏமாறுவதில்லை. வழக்கமான பார்வையை விட்டுவிட்டோம் என்பதைப் படமே முதற்பார்வையில் சொல்லிவிடுகிறது. சிறிதளவே மாற்றி, மாற்றியதே தெரியாமல் மறைத்து, இதுதான் அந்த ஊர் என்று நீட்டுகிறவரிடம்தான் என் வழக்கு.