பதியாத சாசனமும் பதிந்த அநீதியும்

பாகப்பிரிவினை என்றதும் நம்மவர் பலரின் நினைவுக்கு வருவது ஏ. பீம்சிங் 1959இல் இயக்கிய திரைப்படமேயாகும். ஒன்றாய் வாழ்ந்த குடும்பம் இரண்டுபடுகிறது. முடிவில் உள்ளங்கள் கரைந்து மீண்டும் ஒன்றாகிறது. சிவாஜி கணேசனின் நடிப்பாற்றலைக் குறைகூற எவரும் முன்வரார். எனினும், அப்பிரிவுக்குப் படம் காட்டும் காரணத்தை நாம் ஏற்றல் அரிது. சொத்துறவில் விளையும் முரண்பாட்டை, எம். ஆர். ராதா ஏற்ற சிங்காரம் என்னும் தனிமனிதனின் சூழ்ச்சியாகச் சுருக்கிவிட்டமையே அதன் அடிப்படைக் குறைபாடு. தீயவன் அகன்றால் சொத்துப் பிணக்கும் அகன்றுவிடும் என்பது வசதியான நம்பிக்கை, யதார்த்தமன்று.

நம் குடும்பக் கதைகளில் அடிக்கடி தலைகாட்டும் பதியாத மரணசாசனமும் இந்நோக்கின் பிள்ளையே. தகப்பன் கண்மூடியபின் மூத்தவன் பெட்டியிலிருந்து ஒரு தாளை எடுப்பான். "இது பதியப்படவில்லை, செல்லாது!" என்று மற்றவர் சார்பில் ஒருவர் முழங்குவார். நீதி வென்றுவிடும். மேடைக்கு இது போதும். சட்டமோ வேறு கூறுகிறது. இலங்கையின் 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்கக் கட்டளைச்சட்டம் சாசனத்துக்குச் சாட்சிகளையே வேண்டியது: நொத்தாரிசின் முன் எனில் இருவர், நொத்தாரிசு இல்லையெனில் ஐவர். பதிவை அது நிபந்தனையாக்கவில்லை. இந்தியாவின் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டமும் உயிலைப் பதிவதை அவரவர் விருப்பத்துக்கே விட்டது.

ஆகவே, பாகப்பிரிவினை வழக்கில் அத்தகைய தாளை எதிர்ப்பவர் கேட்கவேண்டியவை வேறு. எழுதியவரின் அறிவு தெளிந்திருந்ததா? கையொப்பம் அவருடையதா? சாட்சிகள் யாருடைய ஆட்கள்? மனைவியும் மகளும் ஏன் விடுபட்டனர்? தாளை நீட்டுபவரே அதனை எழுதுவித்துப் பயனும் பெறுகின்றாரா? வெங்கடாசல ஐயங்கார் – திம்மஜம்மா வழக்கில், 1958 நவம்பரில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பை எழுதிய கஜேந்திரகட்கர், இவ்வகை ஐயங்களை நீக்கும் பொறுப்பைச் சாசனத்தை முன்வைப்பவர் மீதே சுமத்தினார். இவ்வினாக்கள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறுகதை கிடக்கிறது. நம் எழுத்தாளரோ முத்திரையைத் தேடுவதோடு திருப்தியடைகின்றனர்.

டிக்கன்ஸ் அவ்வாறு திருப்தியடைந்தவரல்லர். 1853இல் நூலுருப் பெற்ற 'பிளீக் ஹவுஸ்' நாவலில், சாசன வழக்கு முடிவதற்குள் வழக்குச் செலவே சொத்து முழுவதையும் விழுங்கிவிடுகிறது. அங்கே குற்றவாளி ஒரு சிங்காரம் அல்லன், நீதிமன்ற அமைப்பே.

ஆயினும், வன்னியை எழுதப் புகுவோனுக்கு டிக்கன்ஸும் போதார். உடையார்கட்டுப் போன்ற பகுதிகளில் எத்தனையோ குடும்பங்களின் கையிலிருப்பது உறுதிக்காணியன்று. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச்சட்டத்தின் கீழ் வந்த அனுமதிப்பத்திரக் காணி. அதன் உடைமை அரசுக்கே உரியதாகையால், சொந்த முதுசத்தைப்போல் அதனைப் பங்கிடக் கோரி வழக்கிட முடியாது. சட்டம் குறித்த உறவினருள்ளேயே பின்னுரித்தாளரை நியமிக்கலாம். காணிக்காரர் உயிரோடிருக்கையில் எழுதும் அந்நியமனப் பத்திரம் அவர் இறப்பதற்குமுன் பதியப்பட்டும் இருக்கவேண்டும். கதைகளில் பொருளற்றிருந்த "பதிந்தீரா?" என்னும் வினா இங்கேதான் உயிர்பெறுகிறது. நியமனம் இல்லையேல், வாழ்க்கைத்துணைக்குப் பின் அட்டவணையொன்றே ஆட்சி செய்யும். 2022ஆம் ஆண்டின் திருத்தம் வரும்வரை அவ்வட்டவணையில் மகன் முன்; மகள் பின். இதற்குக் கள்ளச் சாசனம் எழுதும் வஞ்சகன் எவனும் தேவைப்படவில்லை. அச்சேறி, அரச முத்திரையும் பெற்ற அநீதி இது.

2009 ஜனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துள் உடையார்கட்டும் அடங்கியது. அவ்வலயத்தினுள்ளேயே எறிகணைகள் வீழ்ந்தன. பத்திரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடியோர் உளர். பிள்ளையைத் தூக்கியதால் பெட்டியைக் கைவிட்டோரும் உளர். காணிக்காரரும் இல்லை, சாட்சியும் இல்லை, தாளும் இல்லை என்னும் நிலையில், குளத்து நீரை நம்பித் தகப்பனோடு அவ்வயலை விதைத்து அறுத்த மகளொருத்தி பிரதேச செயலகத்தின் படியில் நிற்பதை எண்ணிப் பாருங்கள். அவளுடைய அண்ணன் சிங்காரமாக இருக்கவேண்டிய அவசியமே இல்லை. அவன் தங்கைமீது உயிரையே வைத்திருந்தாலும், அட்டவணையில் அவனே முதலில் நின்றான்.