வேளியில் இல்லாத நெருப்பு

திருவனந்தபுரத்தின் வேளி சுற்றுலா கிராமத்தில் 2020-இல் ஒரு குட்டி ரயில் ஓடத் தொடங்கியது. பழைய நீராவி எஞ்சின் தோற்றம், புகைபோக்கியில் செயற்கைப் புகை. இழுப்பதோ சூரிய மின்சாரம். பிள்ளைகளுக்கு அது போதும். எனக்குப் போதாது.

பிரிட்டனில் பொழுதுபோக்காகவே நிஜக் குட்டி எஞ்சின் ஓட்டுகிறார்கள், ஐந்து அங்குல அகலத் தண்டவாளத்தில். முதலில் கண்ணாடிக் குழாயில் நீர்மட்டம் பார்க்க வேண்டும். நீர் குறைந்தால் நெருப்புப் பெட்டியின் மேல்தகடு கெட்டுவிடும். பிறகு மண்ணெண்ணெயில் நனைத்த சுள்ளி, அதன்மேல் நிலக்கரி. ஆவி எழும்வரை புகைபோக்கியில் பொருத்திய சின்ன மின்விசிறிதான் காற்றை இழுக்கும். சிலிண்டரில் தேங்கிய நீர் அழுத்தத்துக்கு மசியாது. ஆகவே வடிகுழாயைத் திறந்துவைத்தே கிளம்ப வேண்டும். ஓடத் தொடங்கியதும் வெளியேறும் ஆவியே புகைபோக்கி வழியே பாய்ந்து நெருப்பை ஊதிவிடுகிறது. பாரம் ஏற ஏற அடுப்பும் தானாகக் கொழுந்துவிடும். என்ன சாமர்த்தியம்!

இதைப் பெரிய அளவில் பார்க்க மேட்டுப்பாளையத்தில் ஊட்டி ரயில் ஏறுங்கள். குன்னூர் வரை, பெரும்பகுதி பற்சக்கரப் பாதையில், நீராவி எஞ்சின் பின்னாலிருந்து தள்ளும். கடைசிப் பெட்டியில் இடம் பிடியுங்கள்.