பலகை போடமுடியாத தொழில்

உளவளத்துணையைத் தனியார் தொழிலாக நடத்தி வளர்ப்பது பற்றி அமெரிக்கக் கைநூல்கள் சொல்லும் வழி ஏறக்குறைய ஒன்றுதான்: ஏதாவது ஒரு பிரச்சினையில் பெயர் எடு, அந்தப் பெயரை ஊரெல்லாம் பரப்பு, கட்டணத்தைக் கூசாமல் உயர்த்து, நேரம் நிரம்பியதும் இன்னொருவரைச் சம்பளத்துக்கு வை. இது யாழ்ப்பாணக் குடாநாட்டு வல்வெட்டித்துறையில் எடுபடுமா?

தேவை உண்டா என்று விசாரிக்க வேண்டியதில்லை. 1989 ஆகஸ்டில் இந்திய அமைதிப்படை அறுபதுக்கு மேற்பட்ட பொதுமக்களைக் கொன்ற ஊர் இது. 2004 டிசம்பரில் கடற்கோள் அடித்த கரை. பிள்ளைகள் வெளிநாட்டிலும் பெற்றோர் பெரிய மதில் வீட்டில் தனியாகவும் இருக்கும் ஒழுங்கைகள் எத்தனையோ. ஆனால் தேவை இருக்கிறது என்பதால் தொழில் ஓடிவிடாது.

"சனம் இதுக்கெல்லாம் காசு குடுக்காது" என்பதுதான் முதலில் வரும் ஆட்சேபம். அதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சாத்திரியாருக்கும் நூல் கட்டுபவருக்கும் கொடுக்கிறார்கள். பின்னேரம் ஸ்பெஷலிஸ்டைச் சனல் பண்ணி ஐந்து நிமிடம் காட்டிவிட்டு வரக் கொடுக்கிறார்கள். ரியூசனைச் சொல்லவே வேண்டாம். அரச வைத்தியமும் பள்ளிக்கூடமும் இலவசமாக உள்ள நாட்டில்தான் இத்தனையும் நடக்கிறது. காசு இருக்கிறது, இடிப்பது கணக்கு.

சனல் பண்ணும் வைத்தியர் ஒரே பின்னேரத்தில் நாற்பது நம்பரும் பார்த்துவிடலாம். உளவளத்துணையாளருக்கு ஆளுக்கு ஒரு மணித்தியாலம் வேண்டும். நாளொன்றுக்கு ஐந்து பேரைக் கேட்டபின் ஆறாவது ஆளின் கதை காதில் ஏறாது. வாரத்துக்கு 25 அமர்வு, வருடத்தில் ஐம்பது வாரம் என்று வைத்தால் 1,250 அமர்வு. ஒருவர் எட்டுத் தடவை வந்து தேறிப் போகிறார் என்றால் வருடாவருடம் 156 புது ஆட்கள் தேவை. ஒரு அந்தத்திலிருந்து மறு அந்தத்துக்கு நடந்தே போய்விடக்கூடிய நகரசபை எல்லைக்குள் இது எத்தனை வருடம் ஓடும்? ஆட்கள் வற்றினால், வந்தவரைப் போகவிடாமல் வைத்திருப்பதுதான் மிச்சமுள்ள வழி. எட்டில் முடிய வேண்டியதை முப்பதாக இழுக்கச் சொல்லும் ஒழுங்கு, நல்ல மனிதரைக்கொண்டும் கெட்ட வேலை செய்விக்கும்.

பெயரைப் பரப்புவது அதைவிடச் சிக்கல். ரியூசன் மாஸ்டர் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளின் படத்தைப் போட்டுச் சந்தியில் பனர் கட்டலாம். இங்கே தேறியவரின் படத்தைக் கட்டமுடியாது. தேறியவரும் வாய் திறக்கமாட்டார். "அவ விசருக்கு மருந்தெடுக்கிறா" என்று ஒரு வாய் சொன்னால் போதும், தங்கச்சியின் கலியாணப் பேச்சு நின்றுவிடும். மனநோய் வைத்தியசாலை இருப்பதால் அங்கொடை என்ற ஊர்ப்பெயரையே பகிடியாக்கி வைத்திருக்கும் தீவு இது. இதையெல்லாம் தாண்டி ஒரு அம்மா உள்ளே வந்து உட்கார்ந்தாலும், கதை தொடங்குமுன் அவர் கேட்பது: "பிள்ளை, நீர் ஆற்றை மகள்?" விடை சொன்னால், அந்த அம்மாவின் மருமகனுக்குத் துணையாளர் ஒன்றுவிட்ட தங்கச்சி என்பது வெளிக்கும். பிறகு மருமகனைப் பற்றி என்ன கதை வரும்? சொல்லாமல் விட்டால், "ஆள் நல்ல கெப்பர்" என்று எழும்பிப் போய்விடுவார். சிகிச்சைக்கு வருபவரோடு வேறு உறவு இருக்கக்கூடாது என்பது மேற்கின் தொழில் விதி. அப்படி உறவில்லாத ஆளை இந்த ஊரில் எங்கே தேடுவது?

கட்டணத்தை எடுத்தால், வல்வெட்டித்துறையில் பெரிய செலவு எதுவும் லண்டனையோ ரொறன்ரோவையோ தொடாமல் நடப்பதில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபின், ஊர்க் கட்டணம் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இன்னும் மலிந்துபோனது. தொழிலை நிமிர்த்தக்கூடிய காசு இதுதான். ஆனால் காசு கட்டிய மகன் ஸ்காபரோவிலிருந்து வட்ஸ்அப்பில் எடுப்பார்: "அம்மா என்ன சொன்னவா? என்னைப் பற்றி ஏதும் கதைச்சவாவோ?" கட்டியவருக்குக் கேட்க உரிமை உண்டு என்பது அவருடைய நியாயம். அம்மாவின் நோவே அவர் வராததுதான் என்றால் துணையாளர் எந்த முகத்தோடு விடை சொல்வது?

கட்டண விடயத்தைக் கூச்சமில்லாமல் பேசவேண்டும், ஒதுக்கிய மணித்தியாலத்துக்கு வராவிட்டாலும் நோயாளியே பொறுப்பு என்று 1913 இல் எழுதியவர் பிராய்ட். இலவசமாகப் பார்ப்பது குணமாவதற்கே தடையாகிறது என்றும் சொன்னார். அவரே 1918 இல் புடாபெஸ்டில், ஏழைக்கும் உளச்சிகிச்சை உரிமையாகும் காலம் வரும் என்று பேசினார். 1920 இல் பெர்லினில் அவருடைய வழிவந்தவர்கள் வசதியற்றவர்களுக்கும் ஒரு சிகிச்சையகம் திறந்தார்கள். இந்த இரண்டு வழியிலும் கட்டுபவர் நோயாளி, இல்லாவிட்டால் பொதுச் சமூகம். கடல் கடந்து கட்டும் மகன் மூன்றாவது ஆள். அவருக்கு இந்த விதிகளில் இடமில்லை.

தனியார் கட்டணத்துக்குச் சார்பாகவும் ஒரு வலுவான வாதம் உண்டு. கடற்கோளுக்குப் பின்னும் போருக்குப் பின்னும் உளவளத்துணை பெரும்பாலும் இலவசமாக, 'புரொஜெக்ட்' ஆகத்தான் வந்தது. புரொஜெக்ட் முடிய, கதை கேட்டவரும் போய்விடுவார். பாதி சொன்னவர் மீதியோடு இருப்பார். யாழ்ப்பாணத்தில் 1980களில் தொடங்கிய சாந்திகம் போல வேர்விட்டவை குறைவு. மந்திகை ஆதார வைத்தியசாலையின் உளநலப் பிரிவு இலவசம்தான், ஆனால் கிளினிக் நாள் வரிசையில் ஒரு மணித்தியாலம் பேச வழியில்லை. தன் வருமானத்தில் நிற்பவர் ஐந்து வருடம் கழித்தும் அதே அறையில் இருப்பார். உளத்துணையில் இது சின்ன விடயமல்ல.

ஆகவே என் தீர்ப்பு: நடத்தலாம், கைநூல் சொல்லும் விதத்தில் வளர்க்கக்கூடாது. அறை வல்வெட்டித்துறையில் வேண்டாம், நெல்லியடியில் எடுக்கலாம். அதுவும் கண்ணுக்கும் பிரஷருக்கும் ஆட்கள் வந்துபோகும் டிஸ்பென்சரியோடு சேர்ந்ததாக இருந்தால், வாங்கில் இருப்பவர் எதற்கு வந்தார் என்று யாருக்கும் தெரியாது. முழுக் கட்டணத்தை லண்டனில் இருப்பவர்களிடம் காணொளி வழியே வாங்கலாம். ரொறன்ரோவில் அது எளிதல்ல: ஒன்ராறியோ மாகாணம் 2015 முதல் உளச்சிகிச்சையாளர் என்ற பட்டத்தைப் பதிவு பெற்றவருக்கே சட்டப்படி ஒதுக்கியிருக்கிறது. பிரித்தானியாவில் அந்தப் பெயருக்கு அப்படிப் பூட்டு இல்லை. பூட்டில்லாததால் அங்கு தகுதியை நாமாகவே முன்வைக்க வேண்டும். அம்மாவுக்குக் கட்டும் மகனோடு முதல் நாளே எழுத்தில் ஒப்பந்தம்: வந்த திகதிக்கு ரசீது உண்டு, பேசியதில் ஒரு சொல்லும் இல்லை. ஒப்பாதவரின் காசை வாங்கக்கூடாது.

1989 இன் இழப்பை அறைக்குள் ஒவ்வொருவராகப் பிரித்து விற்கமுடியாது. போர்க்காலக் காயம் குடும்பத்தையும் ஊரையுமே பிடித்தது என்று பேராசிரியர் தயா சோமசுந்தரம் நெடுங்காலமாக எழுதிவருகிறார். அதற்குச் சனசமூக நிலையத்தில் பெண்கள் கூடியிருந்து பேசும் மாலைகள்தான் பொருத்தம், கட்டணமில்லாமல். இரண்டாவது துணையாளரைச் சேர்ப்பதென்றால் மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ எடுக்கலாம். "ஆற்றை மகள்" என்ற கேள்விக்கு இந்த ஊரில் விடை இல்லாத ஒருவர் வேண்டும். அவருக்குத் தங்க வீடும் பார்த்துக் கொடுக்கவேண்டும். அந்த வாடகை லண்டன் கட்டணத்திலிருந்துதான் வரவேண்டும்.